யோகக் கூடத்துக்குச் சுவர் எதற்கு?

பாலித் தீவின் உபுத் பகுதியில், பசுமைக்கு நடுவே நிற்கும் யோகக் கூடங்கள் பலவற்றுக்குச் சுவரே கிடையாது. மூங்கில் தூண்கள், புல் வேய்ந்த உயர்ந்த கூரை, அவ்வளவுதான். ஏன்?

பாலி, நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே சுமார் 8 பாகையில் இருக்கிறது. பகலுக்கும் இரவுக்கும் வெப்பநிலை அதிகம் மாறாது. இரவில் நன்றாகக் குளிர்ந்தால்தான் தடித்த சுவர் பகலில் உதவும். இங்கே அந்த வாய்ப்பு குறைவு. காற்றில் ஈரம் மிகுதி என்பதால் வியர்வையும் எளிதில் உலராது. உடலைத் தழுவி ஓடும் காற்றுதான் அதை ஆவியாக்கிக் குளிர்ச்சி தரும். அதற்கு வழிவிடவே சுவரைத் தவிர்க்கிறார்கள்.

உச்சி வெயிலைக் கூரை தாங்குகிறது. புல்லிடையே சிக்கிய காற்று வெப்பத்தைத் தடுக்கும். உள்ளிருக்கும் சூடான காற்று மேலே ஏறிவிடும். செங்குத்துச் சரிவில் மழைநீர் தங்காது.

மூங்கில் எதற்கு? மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் முற்றிவிடும். வெட்டினாலும் அடிக்கிழங்கிலிருந்து மீண்டும் முளைக்கும். உள்ளே குழலாக இருப்பதால் எடை குறைவு. வலுவான நார்கள் வெளிப்புறத்தில் நெருக்கமாக இருப்பதால் வளையும், எளிதில் முறியாது.

ஆனால் அதன் மாவுச்சத்து பூச்சிகளை இழுக்கும். எனவே போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைக்கிறார்கள். அந்த மருந்து மழைநீரில் கரைந்து வெளியேறக்கூடியது. அதனால்தான் தூண்களைக் கல்லின் மேல் நிறுத்தி, கூரை விளிம்பை வெளியே நீட்டி, மூங்கில் நனையாமல் காக்கிறார்கள். புல் மட்டும் மட்கும். அவ்வப்போது புதிதாக வேய்ந்துதான் ஆக வேண்டும்.