அம்மோனைட்டா, நாட்டிலஸா?

1840களில் சென்னை மாகாணத்தில் அரசுப் பணியில் இருந்த கே, கன்லிஃப் இருவரும் புதைபடிவ வல்லுநர்கள் அல்லர். புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் ஆர்வத்தால் பொறுக்கிய கல்லான சிப்பிகளையும் சுருளோடுகளையும் லண்டனுக்கு அனுப்பினார்கள். அவற்றில் முதுகெலும்பற்ற உயிர்களை ஆராய்ந்த எட்வர்ட் ஃபோர்ப்ஸ், அவை கிரெட்டேசியஸ் காலக் கடலுக்கு உரியவை என்று 1846இல் அறிக்கை வெளியிட்டார்.

இத்தகைய சுருளோட்டை, சுருண்டிருப்பதை வைத்து மட்டும் அம்மோனைட் என்று முடிவு கட்டக் கூடாது, நாட்டிலஸும் சுருண்டதுதான். மேலோடு உதிர்ந்த இடத்தில் தெரியும் கோடுகளை உற்றுப் பாருங்கள். உள்ளறைகளின் தடுப்புச் சுவர்கள் ஓட்டைத் தொட்ட தடம் அது. நாட்டிலஸில் எளிய வளைகோடு. கிரெட்டேசியஸ் கால அம்மோனைட்டுகளிலோ கொத்தமல்லித் தழையின் விளிம்புபோல மடிந்து மடிந்து போகும். என்ன நேர்த்தி! தடுப்பு உடைந்து தெரிந்தால் இன்னொரு தடயமும் கிடைக்கும்: அறைகளை இணைக்கும் குழல் அம்மோனைட்டில் வெளி விளிம்பை ஒட்டிச் செல்லும், நாட்டிலஸில் விளிம்பை விட்டு விலகி உள்ளே இருக்கும்.

சுருளாமல் கூம்பு நுனியோடு இருக்கும் கல் பெலம்னைட், கணவாய்க்கு உறவான உயிரின் உள்ளோட்டுப் பகுதி. உடைந்த முகப்பில், மையத்திலிருந்து நாற்புறமும் விரியும் கால்சைட் இழைகளே அதன் அடையாளம். பெரம்பலூர் மாவட்டம் காரைப் பகுதிக் களிமண்ணில் இவை கிடைக்கின்றன.

அங்கே ஒன்றைக் கண்டால் எடுக்க வேண்டாம். அருகே அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். ஊர், ஓடை, பாறை அடுக்கு மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள்.