எதிர்க்கடைக்காரனுக்குத் தொழில் பழக்குவதா?

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, கண்டக்குழியில் என் தங்கை வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தபோது ஊரவர்கள் இருவர் என்னைத் தேடி வந்தார்கள். இருவரும் கடலுக்குப் போகிறவர்கள். அவர்களுடைய முறைப்பாடு என் தங்கையின் மகனைப் பற்றியது. அவன் 2016இல் இருந்து வீட்டு முன்னறையில் இருந்தபடியே வெளிநாட்டாருக்குக் கணினியில் வேலை செய்து கொடுத்துச் சம்பாதிக்கிறான். வீட்டுக்குக் கூரை மாற்றினான், தங்கச்சியைக் கட்டிக் கொடுத்தான், எல்லாம் ஊர் பார்த்திருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கும் அந்தத் தொழிலைச் சொல்லிக் கொடு என்று கேட்டால் "பிறகு பார்ப்போம்" என்று நழுவுகிறானாம். "நீங்க வியாபாரி, பேப்பரில எழுதுறவர். நீங்க சொன்னா கேப்பான் ஹாஜியார்" என்றார்கள்.

மருமகனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் கோபப்படவில்லை. "மாமா, உங்கட கருவாட்டுக் கடைக்கு எதிர்ல நீங்களே இன்னொரு கருவாட்டுக் கடை போட்டுக் குடுப்பீங்களா?" என்று கேட்டான்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

நம் வியாபாரிகளில் பலருக்கு இந்தத் தொழிலின் அமைப்பு சரியாகத் தெரியாது. இணையத்தில் காசு என்றவுடன் ஒன்று சூதாட்டம் என்கிறோம், அல்லது படுத்துக்கொண்டே டொலர் என்கிறோம். இரண்டும் இல்லை. இது கூலி வேலை, மார்க்கச் சட்ட மொழியில் சொன்னால் இஜாரா. ஃபைவர் என்ற சந்தை 2010இல் தொடங்கியது. ஆரம்பத்தில் அங்கு எந்த வேலைக்கும் விலை ஐந்து டொலர். பெயர் வந்ததே அதனால்தான். இப்போது விலையை விற்பவரே வைக்கலாம். ஆனால் விற்பவரின் ஒவ்வொரு நூறு டொலரிலும் இருபது டொலரைச் சந்தை நடத்தும் கம்பனி எடுத்துக்கொள்கிறது. வேலையை ஒப்படைத்த அன்றே காசு கைக்கு வராது, சாதாரண விற்பனையாளர் 14 நாட்கள் பார்த்திருக்க வேண்டும். பிறகு பேயோனியர் போன்ற ஒரு வழியால் நம் வங்கிக்கு எடுக்கும்போது அங்கும் ஒரு கட்டணம். அப்வேர்க் என்பது இன்னொரு பெரிய சந்தை. ஈலான்ஸ், ஓடெஸ்க் என்ற இரண்டு பழைய சந்தைகள் ஒன்று சேர்ந்து 2015இல் இந்தப் பெயரை எடுத்தன. அங்கு வேலை கொடுப்பவர் தன் தேவையை அறிவிப்பார், தொழிலாளிகள் விலை கூறுவார்கள். விலை கூறுவதற்கே 'கனெக்ட்ஸ்' என்ற டோக்கன் வாங்க வேண்டும். ஒன்று 15 அமெரிக்க சதம். ஒரு வேலைக்கு விலை கூறப் பல டோக்கன்கள் போகும், வேலை கிடைக்காவிட்டால் அந்தக் காசு போனதுதான். டெண்டர் படிவத்துக்குக் காசு கட்டிய அனுபவம் உள்ளவர்களுக்கு இது விளங்கும்.

இந்தச் சந்தையில் முதல் என்பது பணம் அல்ல, நட்சத்திரம். வேலை வாங்கியவர் போகும்போது ஐந்து நட்சத்திரத்தில் எத்தனை என்று போட்டுவிட்டுப் போகிறார். கொழும்புக்குப் போகும் நம் லொறி பிந்தினால் அங்குள்ள முதலாளி ஏசுவார், அடுத்த நாள் தேநீர் குடித்துச் சமாதானம் ஆகலாம். அவர் நம் கடைப் பெயர்ப்பலகையில் 'இவன் பிந்துகிறவன்' என்று எழுதிவிட்டுப் போகமாட்டார். இங்கே எழுதிவிட்டுத்தான் போவார்கள், அதை உலகமே வாசிக்கும். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தபோது, என் மருமகன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஜெனரேட்டர் உள்ள ஹோட்டல்களைத் தேடிக் கற்பிட்டி வரை அலைந்தான். கனடாவில் இருக்கும் வாடிக்கையாளருக்கு நம் மின்வெட்டு தெரியுமா?

நட்சத்திரம் இல்லாதவனிடம் ஓடர் வராது, ஓடர் வராமல் நட்சத்திரம் வராது. புதியவன் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். இங்கேதான் அவனுக்கு ஒரு பழையவனின் கை தேவைப்படுகிறது. பழையவன் தயங்குவதும் இதே இடத்தில்தான்.

எங்கள் வாப்பாமார் காலத்தில் கடையில் தொழில் பழகிய முறையை நினைத்துப் பாருங்கள். பதின்மூன்று பதினான்கு வயதில் பொடியனைக் கடையில் விடுவார்கள். கூட்டுவான், தேநீர் வாங்கி வருவான், பிறகு தராசு, பிறகு கணக்குக் கொப்பி. ஏழெட்டு வருடம் போன பின் முதலாளி அவனுக்கு வேறொரு ஊரில் ஒரு கடையைப் போட்டுக் கொடுத்து, சாமானும் கடனுக்குக் கொடுப்பார். அந்த முதலாளிமாரின் தர்ம சிந்தனையைப் பற்றி நாம் பெருமையாகப் பேசுகிறோம். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை அல்ல. பொடியன் கடை போட்டது இருபது முப்பது மைலுக்கு அப்பால். முதலாளியின் ஒரு வாடிக்கையாளரும் அங்கே போகப் போவதில்லை. பொடியனோ வாரா வாரம் முதலாளியிடமே மொத்தமாக வாங்கினான். அவன் வளர வளர முதலாளியின் விற்பனையும் வளர்ந்தது. பழக்கியவருக்கு அதில் இலாபம் இருந்தது, அதனால்தான் அந்த முறை தலைமுறை தலைமுறையாக ஓடியது.

இணையச் சந்தையில் வேறு ஊர் என்று ஒன்று இல்லை. எல்லாக் கடையும் ஒரே தெருவில். கண்டக்குழிப் பொடியன், லாகூர்ப் பொடியன், டாக்காப் பொடியன் மூவரும் பக்கத்துப் பக்கத்துக் கடை. மருமகன் நான்கு பேருக்குத் தன் தொழிலை அப்படியே பழக்கினால், நால்வரும் அவன் தேடும் அதே வாடிக்கையாளருக்கு முன்னால்தான் நிற்பார்கள். நட்சத்திரம் இல்லாத காரணத்தால் விலையைப் பாதியாக்கிக்கொண்டு நிற்பார்கள். அவர்கள் விற்பதில் பழக்கியவனுக்கு ஒரு சதம் வராது. இருபது வீதம் போவது சந்தை நடத்தும் கம்பனிக்கு. அதாவது மொத்த வியாபாரி முன்பு பார்த்த இலாபத்தைக் கம்பனி பார்க்கிறது, அவர் செய்த பழக்கும் வேலையை மட்டும் நம் பிள்ளைகள் சும்மா செய்து கொடுக்க வேண்டும்.

கண்டக்குழிக் கரையில் இருப்பவர்களுக்குக் கரைவலைப் பாடு தெரியும். ஒரு பாட்டில் வலைகள் முறை வைத்து இழுக்கின்றன. புதிதாக ஒரு வலை சேர்ந்தால் மீன் கூடுவதில்லை, ஒவ்வொருவருக்கும் முறை வரும் நாள்தான் தள்ளிப் போகிறது. அதனால்தான் கரையில் கட்டுப்பாடு வைத்தார்கள். இணையத்தில் முறையும் இல்லை, முறை பார்க்கும் பெரியவர்களும் இல்லை.

ஆகவே மருமகனின் பயத்தைக் கஞ்சத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் அவன் சொன்னதை அப்படியே ஏற்கவும் என்னால் முடியவில்லை. அதற்குக் காரணம் என் கடையில் நடந்தது.

யுத்தம் முடிந்து வியாபாரம் நிமிர்ந்த காலத்தில், 2010 அளவில், ஒரு பொடியனைச் சேர்த்தேன். கெட்டிக்காரன். கட்டாக் கருவாட்டைக் கையில் எடுத்தவுடன் உப்பு எத்தனை நாள் என்று சொல்வான். கொள்முதல் விலை உட்பட எல்லாவற்றையும் பழக்கினேன். 2014இல் ஒரு நாள் விலகினான். இரண்டு மாதத்தில் எனக்கு எதிரிலேயே கடை. கிலோவுக்கு ஐந்து பத்து ரூபா குறைத்து என் பழைய வாடிக்கையாளர் இருவரையும் எடுத்துக்கொண்டான். மூன்று நாளுக்கு மேல் ஒரு முஸ்லிமோடு பேசாதிருப்பது கூடாது என்று தெரிந்துகொண்டே, பல வருடம் ஸலாத்தோடு நிறுத்திக்கொண்டேன். 2022இல் டீசல் இல்லாமல் போனபோது வேறு வழியில்லாமல் இருவரும் சேர்ந்து ஒரே லொறியைப் பிடிக்க வேண்டி வந்தது. இரவில் போகும்போது அவனிடம் கேட்டேன், ஏன் போனாய் என்று. "நீங்க எல்லாம் பழக்கினீங்க முதலாளி, சம்பளம் மட்டும் சேர்ந்த நாள் சம்பளமாவே இருந்துச்சு" என்றான். கணக்குப் பார்த்தால் அவன் சொன்னது சரி. நான்கு வருடத்தில் ஒரு தடவை மட்டும் கூட்டியிருந்தேன், அதுவும் அவன் கல்யாணத்தின்போது. எதிர்க்கடை வந்தது நான் பழக்கியதால் அல்ல, பழக்கிய பின் அவனுக்குப் பங்கு வைக்காததால்.

மருமகனுக்கு நான் சொன்னது இதிலிருந்துதான் வந்தது. இதில் இரண்டு விடயங்கள் கலந்து கிடக்கின்றன, முதலில் அவற்றைப் பிரிக்க வேண்டும். ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களின் செய்தி நமக்குத் தெரிந்ததே. ஸஃது இப்னு ரபீஃ (ரலி) தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்தபோது, அவர் அதற்காக துஆச் செய்துவிட்டு, சந்தை எங்கே என்றுதான் கேட்டார். வழி காட்டினார்கள். நெய்யும் பாலாடைக் கட்டியும் விற்று எழுந்து நின்றார். சந்தைக்கு வழி காட்டுவது ஒன்று, தொழிலைப் பழக்குவது வேறொன்று. வழி காட்டுவதால் யாருக்கும் நட்டமில்லை. கேட்டு வருகிற எவருக்கும் அதைச் செய்யத்தான் வேண்டும். தொழில் பழக்குவது அப்படியல்ல. அது உழைப்பு, நேரம். அதற்கு ஒப்பந்தம் வேண்டும்.

வழி காட்டுவதில் என்னென்ன அடங்கும்? ஒருவருக்கு ஒரு கணக்குத்தான். அடுத்தவரின் கணக்கை வாடகைக்கு எடுத்தால் என்றைக்காவது மூடுவார்கள், உள்ளே இருக்கும் காசும் சிக்கிக்கொள்ளும். வேலை தருகிறேன், முதலில் வைப்புப் பணம் கட்டு என்பவன் கள்வன். சிநேகிதனைக் கொண்டு பொய் ஓடர் போட்டு ஐந்து நட்சத்திரம் வாங்கும் பழக்கம் நம் பிள்ளைகளிடமும் உண்டு. வாங்கும் எண்ணமில்லாமல் விலையை ஏற்றிவிடும் 'நஜ்ஷ்' ஏன் தடுக்கப்பட்டது என்று தெரிந்தவர்களுக்கு, வாங்குபவரை ஏமாற்றும் இதற்குத் தனியாக ஒரு ஃபத்வா தேவையில்லை. வரி விடயமும் உண்டு. முன்பு விலக்கு இருந்தது. 2025 ஏப்ரல் முதல், வெளிநாட்டுக்குச் சேவை செய்து வங்கி வழியாகக் கொண்டுவரும் வருமானத்துக்கும் வரி உண்டு. ஆகக் கூடியது 15 வீதம், வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா வரை தனிநபர் விலக்கு. இவ்வளவையும் சொல்ல ஒரு பிற்பகல் போதும். பள்ளிவாசல் மண்டபத்தில் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் சொல்லி முடிக்கலாம்.

இதையே ஆறு வாரப் பாடநெறி என்று பெயர் வைத்துப் பல்லாயிரம் ரூபா வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். பெற்றோர் நகையை அடகு வைத்துக் கட்டுகிறார்கள். பாடம் நடத்துபவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: சென்ற மாதம் வேலை செய்து வந்த வருமானம் எவ்வளவு, மாணவரிடமிருந்து வந்தது எவ்வளவு? பதில் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

தொழில் பழக்குவதில் இன்னொரு சிக்கல், எந்தத் தொழிலை என்பது. மருமகன் தொடங்கியது படங்களின் பின்னணியை வெட்டி எடுக்கும் வேலையில். அந்தக் காலத்தில் ஒரு படத்துக்கு இவ்வளவு என்று காசு வந்தது. இப்போது அதைச் செயற்கை நுண்ணறிவு ஒரு நொடியில் சும்மா செய்கிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு சாதாரண எழுத்து வேலைகளுக்கும் அதே கதி. அவன் இப்போது செய்வது, அமெரிக்காவில் சாமான் விற்கும் சிறு வியாபாரிகளுக்குப் பெட்டிகளும் லேபல்களும் வரைந்து கொடுப்பது. ஊரார் கேட்பதோ அவன் ஆரம்பத்தில் செய்த வேலையை. வற்றிப்போன கிணற்றுக்கு வழி கேட்கிறார்கள், அவனும் வெட்கத்தில் உண்மையைச் சொல்லாமல் இருக்கிறான்.

ஃபைவர் இஸ்ரேலியக் கம்பனி என்பதால், 2023 அக்டோபருக்குப் பின் காஸாவில் நடந்ததைப் பார்த்து அதிலிருந்து விலகிய பிள்ளைகளும் உண்டு. மருமகனும் விலகியவன்தான். அது அவரவர் மனச்சாட்சி. வியாபாரியாக நான் கவனித்தது, ஏழு வருட நட்சத்திரங்களில் ஒன்றையும் அவனால் கூடவே எடுத்துப் போக முடியவில்லை என்பதை. கடையை மாற்றினால் நம் நற்பெயர் நம்மோடு வரும். அங்கே நற்பெயரும் கம்பனியின் சொத்து. அவனோடு வந்தது, அவன் பெயரைத் தெரிந்துவைத்திருந்து பிறகு அப்வேர்க்கில் அவனைத் தேடி வந்த சில பழைய வாடிக்கையாளர்கள் மட்டும்.

கடைசியில் இப்படித்தான் முடிந்தது. அப்வேர்க்கில் ஏஜென்சி என்று ஒரு முறை இருக்கிறது. பலர் ஒரே பெயரின் கீழ், அவரவர் சொந்தக் கணக்கோடு, வெளிப்படையாகச் சேர்ந்து வேலை செய்யலாம். கள்ளக் கணக்கு வேலை இல்லை. அதில் இரண்டு பொடியன்மாரைச் சேர்க்க மருமகன் ஒப்புக்கொண்டான். ஒருவனுக்குக் கை நன்றாக ஓடும், வரைவதற்கு. மற்றவன் காத்தாடிச் சவாரிக்கு வரும் வெள்ளைக்காரரோடு பழகி ஆங்கிலம் பேசுகிறவன், வாடிக்கையாளரோடு பேச. இருவரும் அவன் செய்வதையே செய்து எதிரில் நிற்கப் போவதில்லை, அவனுக்கு முடியாததைச் செய்யப் போகிறார்கள். முதல் மூன்று மாதம் கைச்செலவு மட்டும். பிறகு கம்பனிக் கழிவு போக வருவதில், வேலை செய்தவனுக்கு 60, மருமகனுக்கு 40. வருடம் முடிய அது 75க்கு 25. இரண்டு வருடத்துக்குப் பின் தனியாகப் போக விரும்பினால் போகலாம், ஏஜென்சி வழியாக வந்த வாடிக்கையாளரை ஒரு வருடத்துக்குத் தொடக் கூடாது.

75 அதிகம் என்று மருமகன் வாதாடினான். என் எதிர்க்கடையைப் பற்றிச் சொன்னேன். ஒரு கொப்பித் தாளில் எழுதி, இரண்டு வாப்பாமாரும் கையெழுத்து வைத்தார்கள். சாட்சிக்கு நானும் மோதினாரும். மற்றப் பிள்ளைகளுக்காக அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை அஸருக்குப் பின் பள்ளி மண்டபத்தில் சந்தைக்கு வழி சொல்வதாக அவன் ஒப்புக்கொண்டிருக்கிறான், இன்ஷா அல்லாஹ். காசு வாங்க மாட்டான். ஆனால் படத்தின் பின்னணி வெட்டும் வேலையைப் பற்றி யாரும் கேட்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டான்.