மேல்வகுப்பும் பல்கலைக்கழக வாயிலும்: மாணவர் ஆயத்தம் பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

இடைநிலைக் கல்விக்குட் புகும் மாணவரை அச்சூழலுக்கு இயைவுபடுத்துவதும், பின்னர் அவர்களைப் பல்கலைக்கழகக் கல்விக்கு ஆயத்தப்படுத்துவதும் நம்மிடையே பெரும்பாலும் உளவியற் பிரச்சினைகளாகவே நோக்கப்பட்டு வந்துள்ளன. தயக்கம், கவனக்குறைவு, முயற்சியின்மை என்பன காரணங்களாகக் கூறப்படுகின்றன. ஊக்கமூட்டும் சொற்பொழிவுகளும் வழிகாட்டற் கருத்தரங்குகளும் பரிகாரங்களாக முன்வைக்கப்படுகின்றன. இவை முற்றிலும் பயனற்றவை என்பது நமது வாதமன்று. ஆயினும், ஒரே வகுப்பறையில் ஒரே ஆசிரியரிடம் கற்கும் இருவருள் ஒருவருக்கு எளிதாய் அமையும் மாற்றம் மற்றவருக்கு ஏன் பெருந்தடையாகின்றது என்ற வினாவுக்கு இவ்விளக்கம் விடை தருவதில்லை. விடை காண்பதற்கு வகுப்பறைக்கு வெளியே, மாணவரின் வீட்டை நோக்கிச் செல்லவேண்டியுள்ளது.

இலங்கையின் இலவசக் கல்வி 1943ஆம் ஆண்டு விசேட குழுவின் அறிக்கையை அடிப்படையாகக் கொண்டு, சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராயிருந்த காலத்தில், 1945இல் நடைமுறைக்கு வந்தது. கிராமப்புறங்களில் எழுந்த மத்திய கல்லூரிகளும், ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலும், தாய்மொழிவழிக் கல்வியும் அதுவரை கல்விக்கு வெளியே நின்ற மக்கட் பகுதியினரை உள்ளே கொணர்ந்தன. இது மறுக்கவியலாத வரலாற்றுச் சாதனையாகும். ஆனால் கட்டணத்தை நீக்குதல் என்பது வேறு. கற்பதற்கு வேண்டிய சாதனங்களைச் சமமாகப் பகிர்தல் என்பது வேறு. இன்றுள்ள ஏறத்தாழப் பத்தாயிரம் அரசாங்கப் பாடசாலைகளுள், உயர்தர விஞ்ஞான வகுப்புகளைக் கொண்ட 1ஏபி வகையைச் சேர்ந்தவை பத்திலொரு பங்களவே. 1சி வகைப் பாடசாலையில் உயர்தரத்திற் கலை, வர்த்தகப் பிரிவுகள் மட்டுமே உண்டு. இரண்டாம் வகையிற் கல்வி பதினோராம் தரத்துடன் முடிவுறும். எனவே மாணவி ஒருத்தி தன் விருப்பத்தை அறிந்துகொள்ளும் முன்னரே, அவள் வீட்டிற்கு அண்மையிலுள்ள பாடசாலையின் வகை அவளுடைய விருப்பத்தின் எல்லையை வரையறுத்துவிடுகின்றது.

இப்பிரச்சினையைத் தெளிவுறச் சிந்தித்தவர்களுள் ஒருவர் இத்தாலிய மார்க்சியவாதியான அந்தோனியோ கிராம்சி (1891–1937) ஆவார். சார்டீனியத் தீவிற் பிறந்து, ஆரம்பக் கல்வி முடிந்ததும் வறுமையால் அலுவலகமொன்றில் வேலை செய்து, பின்னர் 1911இல் புலமைப்பரிசில் பெற்றுத் தூரின் பல்கலைக்கழகம் புகுந்த அவருக்கு இது ஏட்டறிவு மாத்திரமன்று. கல்வியும் ஓர் உழைப்பே. உடலுக்கும் உள்ளத்துக்கும் பயிற்சி வேண்டிய கடும் உழைப்பே என்று சிறைக் குறிப்புகளில் அவர் வாதிட்டார். நீண்ட நேரம் ஓரிடத்தில் அமர்ந்திருத்தலும், ஒரு பொருளில் மனத்தைக் குவித்தலும், ஒழுங்குபடுத்தி எழுதுதலும் பிறவியில் வருவன அல்ல, பழக்கத்தால் வருவன. படித்த குடும்பத்துப் பிள்ளை இப்பழக்கத்தை வீட்டிலேயே, கற்கின்றோம் என்ற உணர்வின்றியே பெற்றுவிடுகின்றது. தொழிலாளியின் பிள்ளை அதனைப் பாடசாலையில் முதன்முதலாகத் தொடங்கவேண்டியுள்ளது. இவ்வேறுபாட்டைக் காணாத ஆசிரியர் ஒன்றைத் திறமை என்றும் மற்றதை மந்தம் என்றும் பெயரிட்டுவிடுகின்றார்.

இவ்வுண்மையை நமது கல்விமுறையின் மூன்று கட்டங்களில் வைத்து நோக்கலாம்.

முதலாவது, ஆறாம் தரம். அதுவரை பெரும்பாலும் ஒரே வகுப்பாசிரியரின் அரவணைப்பிலிருந்த பிள்ளை, பாடத்துக்கோர் ஆசிரியர் என்ற நிலைக்கு மாறுகின்றது. நேரசூசியைத் தானே பின்பற்றவும், பாடநூலைத் தானே வாசித்துக் குறிப்பெடுக்கவும் வேண்டியிருக்கின்றது. குறிப்பெடுக்கும் முறையை எவரும் தனியே கற்பிப்பதில்லை. அது தெரிந்ததாகவே கொள்ளப்படுகின்றது.

இரண்டாவது, சாதாரண தரத்திலிருந்து உயர்தரத்துக்குச் செல்லும் கட்டம். மருத்துவத்துக்கு உயிரியலும் இரசாயனவியலும் பௌதிகவியலும் வேண்டும். பொறியியலுக்கு இணைந்த கணிதமும் பௌதிகவியலும் இரசாயனவியலும் வேண்டும். பதினாறு வயதிற் செய்யப்படும் பாடத்தெரிவு பின்னர் திருத்தற்கரியது. எப்பாடத் தொகுதி எக்கற்கைநெறிக்கு வழிவிடும் என்பது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் கைந்நூலில் உள்ளது. ஆனால் அந்நூலைப் பல மாணவர் முதன்முதலிற் காண்பது உயர்தரப் பெறுபேறு வந்தபின்னரே. அதாவது, அறிந்தும் பயனில்லாத வேளையிலேயாகும்.

மூன்றாவது, பல்கலைக்கழகத்தின் முதலாண்டு. விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்றவர் அங்கு அதனை ஆங்கிலத்திற் கற்க நேர்கின்றது. கலைப்பீடத்திலோ மொழி மாறாவிடினும் கேள்வியின் தன்மை மாறிவிடுகின்றது. ஒரு சிறுகதையை மதிப்பிடுமாறு கேட்டால் அதன் கதைச் சுருக்கத்தை எழுதித் தரும் மாணவரை இலக்கிய ஆசிரியர் யாவரும் அறிவர். அம்மாணவருக்கு இலக்கிய உணர்வில்லை என்பது அவசரமான முடிபு. 'விவரிக்க', 'ஒப்பிடுக', 'ஆராய்க', 'மதிப்பிடுக' என்பன தம்முள் வேறுபட்ட சிந்தனைச் செயல்கள் என்பதை அவருக்கு எவரும் எடுத்துரைத்ததில்லை. பேச்சுவழக்கிற் கூர்மையாக வாதிடும் மாணவி எழுதத் தொடங்கியதும் மௌனியாவதற்கும், பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் இடையிலுள்ள தூரத்தைத் துணையின்றித் தனியே கடக்கவேண்டியிருப்பதே முக்கிய காரணமாகும்.

மலையகத் தோட்டப் பாடசாலைகளில் இம்மூன்றும் ஒருங்கே திரண்டு நிற்கின்றன. நீண்டகாலம் தோட்ட நிர்வாகங்களின் பொறுப்பிற் கிடந்த இப்பாடசாலைகள் 1970களிலேயே அரசாங்கத்தாற் பொறுப்பேற்கப்பட்டன. லயன் அறையில் முழுக் குடும்பமும் வாழும்போது, படிப்பதற்கான மூலை என்பதே ஒரு வசதியாகிவிடுகின்றது. பல்கலைக்கழக அனுமதியில் இன்று பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றது. மாவட்டங்களுக்கிடையிலான ஏற்றத்தாழ்வை இது ஓரளவு கருத்திற் கொள்கின்றது. மாவட்டத்துக்குள்ளே காணப்படும் வர்க்க வேறுபாட்டைக் கருத்திற் கொள்வதில்லை. நுவரெலியா மாவட்டத்தின் நகரப் பாடசாலை மாணவரும் தோட்டப் பாடசாலை மாணவரும் ஒரே ஒதுக்கீட்டுக்கே போட்டியிடுகின்றனர்.

1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல் தமிழ் மாணவருக்கு இழைத்த அநீதி பற்றி நாம் நிறைய எழுதியுள்ளோம், அது நியாயமானதே. ஆனால் அவ்விவாதம் பல்கலைக்கழக வாயில் வரை வந்து தடுக்கப்பட்டவர்களைப் பற்றியதாகவே இருந்தது. வாயிலையே அணுகாதவர்களைப் பற்றி, எட்டாம் தரத்திலும் பதினோராம் தரத்திலும் நின்றுவிட்டவர்களைப் பற்றி, நமது புத்திசீவிகள் அத்துணை அக்கறை கொள்ளவில்லை என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? பாடங்களை எளிமைப்படுத்திவிடுதல் என்பது முற்போக்காளர் சிலருக்கும் உவப்பான விடையாகும். 1972இன் கல்விச் சீர்திருத்தம், இடதுசாரிகளும் பங்குகொண்ட அரசாங்கத்தின் கீழ், தொழில்முன்னிலைப் பாடங்களை அறிமுகம் செய்தது. உழைப்பையும் கல்வியையும் இணைக்கும் அதன் நோக்கம் உயர்ந்ததே. எனினும் தம் பிள்ளைகள் தமது தொழிலுடனேயே கட்டுண்டுவிடுவர் என்று அஞ்சிய பெற்றோரைப் பிற்போக்காளர் என ஒதுக்கிவிட முடியாது. தொழிலாளர் பிள்ளைகளுக்கெனத் தனித் தொழிற்கல்வி வகுப்பது சனநாயகம்போலத் தோன்றினும், சமூக அடுக்குகளை நிலைநிறுத்தவே உதவும் என்று கிராம்சி ஏற்கெனவே எச்சரித்திருந்தார். ஆகவே, கடினத்தைக் குறைப்பதன்று, அக்கடினத்தை வெல்லும் வழியை எல்லோருக்கும் வெளிப்படையாகக் கற்பிப்பதே நமது கடனாகும்.

நடைமுறையில் இது பெருஞ்செலவை வேண்டுவதன்று. ஆறாம் தரத்தின் முதல் தவணையில், பாடங்களோடு, வாசித்தல், குறிப்பெடுத்தல், நேரத்தை வகுத்துக்கொள்ளல் என்பவற்றையும் ஒரு பாடமாகக் கொள்ளலாம். அதே ஊரிலிருந்து வரும் மேல்வகுப்பு மாணவர் ஒருவரைப் புதியவருக்குத் துணையாக்கலாம். ஒன்பதாம் தரத்திலிருந்து ஒவ்வொரு பாடத்திலும் வினாச் சொற்களின் பொருளை விளக்கி, வாயாற் சொன்ன வாதத்தைப் பந்தியாக எழுதுவிக்கலாம். பல்கலைக்கழகக் கைந்நூலைப் பத்தாம் தரத்திலேயே பெற்றோரையும் கூட்டிவைத்து வாசிக்கலாம். அக்கூட்டம் நாட்கூலியை இழக்கச் செய்யாத நாளில் நடைபெறல் அவசியம். வீட்டில் இடமற்ற மாணவருக்காகப் பாடசாலையின் ஒரு வகுப்பறையை மாலையில் திறந்துவைக்கலாம். கட்டணம் செலுத்தக்கூடியவர் தனியார் கல்வி நிலையங்களிற் பெறும் மேலதிக உதவிக்கு எதிராக ஏனையோருக்கு நாம் வழங்கக்கூடிய குறைந்தபட்சம் இதுவே. பல்கலைக்கழக ஆசிரியராகிய நாமும், முதலாண்டு மாணவரின் குறைகளைப் பாடசாலையின்மீது சுமத்திவிட்டு விலகாது, கட்டுரை எழுதும் முறையை முதலாண்டிலேயே கற்பித்தல் வேண்டும்.

சிலர் தப்பிச்செல்ல ஏணி அமைப்பது சமூக மாற்றமாகுமா என்ற வினா எழலாம். ஆகாது என்பதே நேர்மையான விடை. பாடசாலை மட்டும் வர்க்க சமுதாயத்தை மாற்றிவிடாது. ஆனால் தம் நிலையைத் தாமே ஆராய்ந்து, தம் மொழியில் எழுதி, வாதிடக்கூடியவர்கள் உழைக்கும் மக்களிடையிலிருந்து தோன்றாவிடின், அவர்களுக்காக என்றும் பிறரே பேசிக்கொண்டிருக்க நேரிடும். குறிப்பெடுக்கக் கற்பிப்பது சிறு செயலாகத் தோன்றலாம். அது மறுக்கப்பட்டவர்களுக்கு அது சிறிதன்று.