மரையின் வழியை மறிக்காதீர்

காட்டுப் பக்கம் செல்லும் பிள்ளைகளிடம் யானை வரும், சிறுத்தை வரும் என்று எச்சரிக்கும் பெற்றோர், மரையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. மானினந்தானே, என்ன செய்துவிடும் என்பது நம்மவர் எண்ணம்.

உக்குவளைக்குக் கிழக்கேயுள்ள நக்கிள்ஸ் மலைக்காடுகளில் மரைகள் வாழ்கின்றன. சிங்களத்தில் ‘கோனா’ என்றும், தமிழகத்தில் கடமான், மிளா என்றும் வழங்குவது இவ்விலங்கே. ஆங்கிலத் துரைமார் இதனை ‘எல்க்’ என்றனர். எல்க் என்பது வடநாடுகளுக்குரிய வேறொரு மான். பெயர் மட்டுமே கப்பலேறி வந்தது! வளர்ந்த ஆண் மரை 200 கிலோகிராமுக்கும் மேல் நிறையுடையது.

1848ஆம் ஆண்டில் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர், நாய்களை ஏவி மரை வேட்டையாடியவர். அத்தகைய வேட்டைகளில் மரையின் இயல்பு நன்கு புலப்பட்டது. முதலில் அது ஓடித் தப்பவே முயலும். ஓட வழியின்றிப் போனால் ஆற்றுநீரில் இறங்கித் திரும்பி நிற்கும். கொம்பாலும் முன்னங்காலாலும் நாய்களைத் தாக்கும். ஆகவே, மரையைக் கண்டால் அதற்கும் காட்டுக்கும் இடையில் நாம் நிற்றலாகாது. ஒதுங்கி வழிவிட்டால் அது தன்பாட்டிற் போய்விடும்.

வாலை நிமிர்த்தி, முன்காலால் நிலத்தைத் தட்டி, உரத்து ஒலியெழுப்பினால் அது அச்சமுற்றுள்ளது என்று அறிக. அவ்வச்சம் நம்மால் மட்டுமன்று, அருகில் மறைந்துள்ள சிறுத்தையாலும் நேரலாம். மெல்லப் பின்வாங்குவதே நன்று. புதரிற் குட்டி தனித்துக் கிடந்தால் தொடவேண்டா. தாய் அண்மையிலேயே மேய்ந்துகொண்டிருக்கக்கூடும். இரவில் மலைச்சாலையில் ஒரு மரை குறுக்கே சென்றால், வாகனத்தை உடனே விரைவுபடுத்தாது சற்றுப் பொறுங்கள். பின்னால் இன்னொன்று வரலாம்.

நம்மைப் பெரிதும் கவலைக்குள்ளாக்குவது வேறொன்று. 1988இல் தேசியப் பூங்காவாகிய ஹோட்டன் சமவெளிக்குப் பாடசாலைச் சுற்றுலா செல்வோர் பலர். அங்கே சில மரைகள் மனிதரை அஞ்சாது நெருங்கி வரும். பிஸ்கட்டை நீட்டிப் படம் பிடிக்கிறார்கள். பெற்றோரே பிள்ளையை அருகில் நிறுத்துகிறார்கள்! கையுணவுக்குப் பழகிய மரை பழகிய பசுவன்று. திடுக்கிட்டுத் தலையை ஒருமுறை திருப்பினாலே போதும், கொம்பின் உயரத்திற் பிள்ளையின் முகம் இருக்கும். எறியப்பட்ட பொலித்தீன் உறையை உணவுமணத்தால் விழுங்கினால், அது மரையின் குடலை அடைத்து உயிரையும் வாங்கிவிடும்.

அமெரிக்காவின் யெலோஸ்டோன் பூங்காவில் எல்க் மான்களிடமிருந்து 25 யார் விலகி நிற்கவேண்டும் என்பது விதி. இங்கும் அவ்வளவு தொலைவு விடுதல் தகும். படம் சிறிதாய் விழுந்தால் விழட்டும். மரை ஆண்டுதோறும் கொம்பை உதிர்த்து மீண்டும் வளர்க்கும். பூங்காவில் உதிர்ந்த கொம்பைக் கண்டால், ஆசையாய்ப் பார்த்துவிட்டுக் கிடந்த இடத்திலேயே விட்டு வாருங்கள். அதனை வீட்டுக்கு எடுத்துவரச் சட்டம் இடந்தராது.