காரில் 'டக் டக்' சத்தமா? அலட்சியம் வேண்டாம்!

குக்கரின் விசில் கொஞ்சம் மாறினாலே, "காஸ்கெட் போயிடுச்சு போல" என்று கூடத்தில் இருந்தபடியே சொல்லிவிடுவோம். மிக்ஸியின் சத்தம் மாறினால் கை தானாக ஸ்விட்சுக்குப் போகும். ஆனால், தினமும் குழந்தையை ஏற்றிக்கொண்டு போகிற காரில் புதிதாக ஒரு சத்தம் கேட்டால் மட்டும், 'அது ஆம்பிளைங்க சமாசாரம்' என்று விட்டுவிடுகிறோம். அப்படி விடக்கூடாது என்பதை என் நாத்தனார் மூலம்தான் தெரிந்துகொண்டேன்.

தன் 4 வயதுப் பெண்ணை அவள்தான் நர்சரிக்குக் காரில் அழைத்துப் போகிறாள். ஒருநாள் முன்பக்க இடது சக்கரத்தருகே 'டக், டக்' என்று சத்தம். கணவரிடம் சொன்னாள். "நம்ம ஊர் ரோட்டுக்குச் சத்தம் வராமலா இருக்கும்?" என்று பேப்பரிலிருந்து தலை நிமிராமலே பதில் வந்தது. இவள் விடவில்லை. ஒர்க்‌ஷாப்பில் இரண்டு ஷாக் அப்சார்பரையும் மாற்றினார்கள். பணம் போனது, சத்தம் போகவில்லை.

"என்ன அண்ணி செய்யறது?" என்று என்னிடம் வந்து நின்றாள்.

"குழந்தைக்கு இருமல்னு டாக்டர்கிட்டே போனா, ராத்திரி ஜாஸ்தியா, பகல்ல ஜாஸ்தியான்னு கேட்கிறாரில்லே? அது மாதிரி இதையும் எழுதி வச்சுப் பாரேன்" என்றேன்.

பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் 3 நாள் குறித்தாள். சின்னப் பள்ளத்தில் சத்தம் உண்டு. கேட்டுக்குள் மெதுவாகத் திரும்பும்போது உண்டு. பிரேக் போட்டால் வண்டி லேசாக ஒரு பக்கம் இழுக்கிறது.

வேறொரு மெக்கானிக், வயதானவர், அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு வண்டியைத் தூக்கினார். சக்கரத்துக்குக் கீழே ஒரு கம்பியை விட்டு நெம்பினார். "பால் ஜாயிண்ட் போயிருக்கும்மா. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா, ஓடறப்பவே கழன்று சக்கரம் சாய்ஞ்சிருக்கும்" என்றார். பின் சீட்டில் உட்காரும் குழந்தையை நினைத்து இவளுக்குக் கை நடுங்கிவிட்டது.

அது என்ன பால் ஜாயிண்ட்?

காலையில் வாங்கும் பால் அல்ல, இது பந்து! நம் தோள்பட்டையில் கையெலும்பின் உருண்டைத் தலை ஒரு கிண்ணத்தில் பொருந்திச் சுழல்கிறதல்லவா? அதே அமைப்புதான். 'லோயர் ஆர்ம்' என்ற இரும்புக் கையையும் சக்கரத்தைத் தாங்கும் பகுதியையும் இது இணைக்கிறது. உள்ளே கிரீஸ், வெளியே ரப்பர் உறை. உறை கிழிந்தால் மழைத் தண்ணீரும் மண்ணும் புகுந்து, உருண்டை தேயும். தேய்ந்த இடைவெளியில் அது ஆடுவதுதான் நமக்கு 'டக்' என்று கேட்கிறது.

எப்போது வருகிறது சத்தம்?

முதலில் டிக்கியைத் திறந்து பாருங்கள். ஜாக்கியும் ஸ்பானரும் உருண்டுகொண்டிருக்கலாம்! பங்க்சர் ஒட்டிய பிறகு சத்தம் ஆரம்பித்ததென்றால், சக்கர நட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று உடனே பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ரேடியோவையும் ஏ.சி.யையும் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, ஆளில்லாத தெருவில் மெதுவாக ஓட்டிக் கவனியுங்கள்.

• ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கினால் சத்தம். இரண்டு சக்கரமும் சேர்ந்து ஸ்பீடு பிரேக்கரில் ஏறினால் குறைவு: ஸ்டெபிலைசர் லிங்க் அல்லது அதன் புஷ்.

• பிரேக் போடும்போதும், ரிவர்ஸ் எடுத்துவிட்டு முன்னே கிளம்பும்போதும் ஒரே ஒரு 'தட்': லோயர் ஆர்ம் புஷ். பழைய குக்கர் காஸ்கெட் போல இந்த ரப்பரும் நாளானால் இறுகி வெடிக்கும். பிரேக் பேடு தளர்ந்திருந்தாலும் இப்படிக் கேட்கும்.

• நிற்கிற வண்டியில் ஸ்டீரிங்கைத் திருப்பினாலே 'டொங்': ஸ்பிரிங்குக்கு மேலே உள்ள ஸ்ட்ரட் மவுண்ட் அல்லது பேரிங்.

• ஸ்டீரிங்கை முழுக்க ஒடித்து ஓட்டும்போது வரிசையாக 'டக டக டக': சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டின் சி.வி. ஜாயிண்ட்.

• பள்ளம் தாண்டிய பிறகும் வண்டி தொட்டில் மாதிரி ஆடினால்: ஷாக் அப்சார்பர். எண்ணெய்க் கசிவும் இருக்கலாம்.

• சத்தத்தோடு ஸ்டீரிங்கில் ஆட்டம், வண்டி இழுத்தல்: பால் ஜாயிண்ட் அல்லது டை ராடு எண்ட். இதற்கு நாள் தள்ளவே கூடாது. வண்டியை ஓரம் கட்டிவிட்டு மெக்கானிக்கை வரவழையுங்கள். அன்று குழந்தை ஆட்டோவில் போகட்டும்.

மெக்கானிக்கிடம் என்ன சொல்வது?

"ஷாக் அப்சார்பரை மாத்திடுங்க" என்று மருந்தை நீங்களே எழுதிக் கொடுக்காதீர்கள். எப்போது, எந்தப் பக்கம், எந்த வேகத்தில் என்று மட்டும் சொல்லுங்கள். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிக் காட்டுங்கள். தூக்கி நிறுத்திய வண்டியில், சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஆட்டம் தெரிகிறதா? பால் ஜாயிண்ட்டோ வீல் பேரிங்கோ போயிருக்கலாம். இடமும் வலமும் பிடித்து அசைத்தால் தெரிகிறதா? டை ராடு எண்ட்டாக இருக்கலாம். "எனக்கும் காட்டுங்க" என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வேலை முடிந்ததும் வீல் அலைன்மெண்ட் பார்க்கச் சொல்ல மறக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை: ஜாக்கி மட்டும் தாங்கி நிற்கிற காருக்கு அடியில் நீங்களும் குனிந்து போக வேண்டாம், வீட்டுக்காரரையும் விடவேண்டாம்.

நாத்தனாருக்குப் பால் ஜாயிண்ட் மாற்ற ஆன செலவு, வீணாக மாற்றிய ஷாக் அப்சார்பர்களின் செலவைவிடக் குறைவுதான். மறுநாள் காலை கார் பள்ளத்தில் இறங்கி ஏறியபோது பின்னாலிருந்து குட்டிப்பெண் கேட்டாளாம்:

"அம்மா, 'டக் டக்' எங்கேம்மா போச்சு?"