கழுத்தில் மூச்சு, கையில் வலை: தொண்டைப் புற்றுநோய் சிகிச்சைக்குப் பிறகு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.)



சென்னையிலேர்ந்து வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் போனா பழவேற்காடு. அங்க ஒரு விடியற்காலையில மீன் ஏலத்தை வேடிக்கை பார்த்துட்டு நின்னேன். விலை சொல்றது, படகுக்குப் படகு கூப்பிடறது எல்லாமே தொண்டையை நம்பித்தான் நடக்குது. இங்க ஒருத்தருக்குத் தொண்டைப் புற்றுநோய் வந்து குரல்வளையையே எடுத்துட்டா, அவர் திரும்ப வேலைக்கு வர முடியுமா? அந்தக் கேள்விதான் இன்னைக்கு எபிசோட்.

"உயிர் பிழைச்சாச்சுல்ல, அது போதாதா?"ன்னு நாம ஈஸியா சொல்லிடறோம். 1981-ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு வந்துச்சு. தீயணைப்பு வீரர்கள், நிர்வாகிகள்னு ஆரோக்கியமா இருந்த 37 பேர்கிட்ட, "குரல் போனாலும் பரவாயில்லன்னு நீண்ட ஆயுள் வேணுமா, குரலோட கொஞ்சம் குறைஞ்ச ஆயுள் வேணுமா?"ன்னு கேட்டாங்க. ஏறக்குறைய 20 சதவீதம் பேர் குரல் பக்கம் நின்னாங்க. ஆக, இது நோயாளியைக் கேட்டு எடுக்க வேண்டிய முடிவு.

குரல்வளை ஒரு காவல்காரன்

சாப்பிடும்போது புரை ஏறினா, தலையில தட்டி "யாரோ நினைக்கிறாங்க"ன்னு சொல்வோம். உண்மையில அது குரல்வளை அடிக்கிற அலாரம். சோறும் தண்ணியும் நுரையீரலுக்குள்ள போகாம தடுக்கறதுதான் அதோட அடிப்படை வேலை. பேச்சு, அதே கதவை வெச்சு நாம கத்துக்கிட்ட வித்தை.

முழுசா எடுக்கும்போது, மூச்சுக்குழாயைக் கழுத்தில் ஒரு துளையோட இணைச்சுடுவாங்க. அதுக்கப்புறம் மூச்சு அந்தத் துளை வழியாத்தான். மூக்கில் காத்து போகாததால வாசனை தெரியறது குறையும். சூடான டீயை ஊதிக் குடிக்க முடியாது. விசில்கூட ஊத முடியாது.

குரல் திரும்ப வருமா?

வரும், மூணு வழியில. ஒண்ணு, காத்தை உணவுக்குழாய்க்குள்ள இழுத்து, ஏப்பம் மாதிரி வெளியே விட்டுப் பேசப் பழகறது. ரெண்டாவது, கழுத்தில் வெச்சு அழுத்தற பேட்டரி கருவி. குரல் ரோபோ மாதிரி ஒரே சுருதியில வரும். மூணாவது, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவுல ஒரு சின்ன சிலிகோன் வால்வு. கழுத்துத் துளையை விரலால மூடினா, காத்து வால்வு வழியா போய் குரலாகும். 1980 வாக்கில் ப்ளோம், சிங்கர் என்ற இரண்டு அமெரிக்கர்கள் இதைப் பரவலாக்கினாங்க. பெங்களூரு டாக்டர் விஷால் ராவ், இதையே 50 ரூபாய் விலையில 'ஓம்'ங்கற பெயர்ல உருவாக்கினார். ஏன்னா வெளிநாட்டு வால்வு ஆயிரக்கணக்கான ரூபாய். அதுவும் ஒரு தடவை வெச்சா தீராது, தேய்ஞ்சு கசிஞ்சா மாத்தணும்.

ஆனா ஒரு சிக்கல். பேச ஒரு விரல் வேணும், வலை இழுக்க ரெண்டு கையும் வேணும்! விரல் தேவைப்படாத மூடிகளும் இருக்கு, எல்லாருக்கும் அது ஒத்துவராது. காத்தடிக்கிற ஏரியில அந்தக் குரல் எவ்வளவு தூரம் கேட்கும்ங்கறது வேற கேள்வி.

குரல்வளையைக் காப்பாத்தினா?

1991-ல வெளியான ஒரு பெரிய ஆய்வுல, முதல்ல கீமோ, அப்புறம் 'கரண்ட்' வெச்சதுல மூணுல ரெண்டு பங்கு பேருக்குக் குரல்வளை தப்பிச்சது. உயிர் பிழைச்சவங்க விகிதம் அறுவை சிகிச்சைக்கு ஈடாவே இருந்துச்சு. நல்ல செய்திதான். ஆனா குரல்வளை இருக்கறதும், அது சரியா வேலை செய்யறதும் ஒண்ணில்ல.

கரண்ட் வெச்சா எச்சில் வத்தும், தொண்டைத் தசை இறுகும். வெறும் சோறு இறங்காது, குழம்பு ஊத்திக் குழைச்சாதான் இறங்கும். தண்ணிதான் பலருக்கு ரொம்பக் கஷ்டம், அது சட்டுன்னு தப்பான பாதையில போயிடும். சிலருக்குப் புரை ஏறாமலேயே நுரையீரலுக்குப் போய், நிமோனியாவில கொண்டுவிடும். அலாரமே அடிக்காத இந்த நிலைதான் ஆபத்து.

அதனால விழுங்கறதுக்கான பயிற்சியை, முடிஞ்சா கரண்ட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஆரம்பிக்கணும். வலிக்குதுன்னு வாய்வழி சாப்பாட்டை மொத்தமா விட்டுட்டா, தசை வேலையை மறந்துடும்.

ஏரிக்காரருக்கு ஒரு கேள்வி

கழுத்தில் துளை இருக்கறவருக்குத் தண்ணி நேரா நுரையீரலுக்குப் போகும். குளிக்கும்போதே மூடி வேணும், ஏரியில கழுத்தளவு இறங்கறது உயிருக்கே ஆபத்து. படகு கவிழ்ந்தா? பக்கத்துல இருக்கறவங்க வாயில இல்ல, கழுத்துத் துளையிலதான் மூச்சு கொடுக்கணும். இது குடும்பத்துக்கும் படகுக் கூட்டாளிகளுக்கும் தெரிஞ்சிருக்கணும்.

பழவேற்காட்டுல 'பாடு'ன்னு ஒரு வழக்கம் உண்டு, முறை வெச்சு வலை போடறது. கரண்ட் பொதுவா ஆறேழு வாரம், வாரத்துக்கு அஞ்சு நாள். ஒவ்வொரு நாளும் பயணம், ஒவ்வொரு முறையும் நஷ்டம். அதனால டாக்டர்கிட்ட "நோய் குணமாகுமா?"ன்னு மட்டும் கேட்காதீங்க. "நான் தண்ணியில இறங்கற ஆள், கத்திக் கூப்பிடற ஆள். எனக்கு எது சரி?"ன்னு கேளுங்க. பேச்சு, விழுங்கல் சிகிச்சையாளரை சிகிச்சைக்கு முன்னாடியே பார்க்கணும்னும் கேளுங்க.

கடைசியா, குரல் கம்மல் மூணு வாரத்துக்கு மேல நீடிச்சா, குறிப்பா புகையிலைப் பழக்கம் இருந்தா, காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்க. சீக்கிரம் கண்டுபிடிச்சா, இவ்வளவு நேரம் பேசின பாதி கஷ்டம் வராமலே போகலாம்.

இந்த எபிசோடை வீட்ல பெரியவங்களுக்கும் போட்டுக் காட்டுங்க. அடுத்த வாரம் சந்திப்போம்!