நுண்ணறிவுச் சோதனையும் பெற்றோர் கடமையும்

"தங்கள் மகனின் நுண்ணறிவு ஈவு 84, ஆதலால் அவனைத் தனி வகுப்பில் சேர்ப்பதே நலம்" என்று பள்ளியிலிருந்து ஒரு தாள் வருமாயின் பெற்றோர் பலர் கலங்கிப்போகின்றனர். அதைத் தேர்வு மதிப்பெண் என எண்ணி மகிழ்வோரும் உண்டு. இரண்டுமே தாளைச் சரிவரப் படியாமையால் வருவன.

இச்சோதனையில் ஒரே வயதுப் பிள்ளைகளின் சராசரி 100 என வைக்கப்பட்டுள்ளது. நூற்றில் ஏறத்தாழ 68 பேர் 85-க்கும் 115-க்கும் இடையே அடங்குவர். 84 பெற்றவனுக்குக் கீழே நூற்றுக்கு 14 பேர் உளர். தாளில் 'பெர்சன்டைல் 14' என்றிருந்தால் பொருள் இதுவே. நூற்றுக்குப் பதினான்கு மதிப்பெண் வாங்கினான் என்பதன்று. மேலும், நன்கமைந்த சோதனையிலும் ஏறத்தாழ ஐந்து புள்ளி கூடவோ குறையவோ இடமுண்டு. ஆகவே 84 என்பதை 79 முதல் 89 வரை எனப் படிப்பதே முறை. மொத்த எண்ணைவிட உட்சோதனை எண்களை உற்று நோக்குங்கள். சொல் சார்ந்த பகுதியில் தாழ்ந்தும் உருவம் சார்ந்த பகுதியில் உயர்ந்தும் இருந்தால், மொத்த எண் பிள்ளையைப்பற்றி மிகக் குறைவாகவே உரைக்கும்.

சோதனை எம்மொழியில் நடந்தது என்பது அதனினும் பெரிய வினா. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஸ்பானிய மொழி பேசும் ஒன்பது சிறுவர்களை ஆங்கிலத்தில் சோதித்து, மூளை வளர்ச்சி குன்றியோர் வகுப்பில் அமர்த்திவிட்டனர். தாய்மொழியில் மீண்டும் சோதித்தபோது சராசரியாக 15 புள்ளிகள் உயர்ந்தன! 1970-இல் தொடுக்கப்பட்ட வழக்கின் பயனாக, வீட்டு மொழியிலும் சோதிக்க வேண்டும் என்ற விதி அங்கு ஏற்பட்டது. வீட்டில் தமிழும் பள்ளியில் ஆங்கிலமுமாக வாழும் நம் பிள்ளைகளுக்கு இது பொருந்தாதா?

1905-இல் பாரிசில் பினேயும் சிமோனும் இச்சோதனையை வகுத்தது, உதவி வேண்டும் பிள்ளைகளைக் கண்டறியவே. அறிவு வளராது என்ற கொள்கையைப் பினே வன்மையாக மறுத்தவர். அவர் தந்த கருவியைக் கொண்டே பிள்ளைகளை ஒதுக்குவது விந்தைதான்.

முடிவில் ஐயமிருப்பின் தலைமையாசிரியருக்கு எழுத்து மூலம் மனுச் செய்யுங்கள். சோதனையின் பெயர், நடத்தியவர் தகுதி, மொழி, நாள், உட்சோதனை எண்கள் ஆகியவற்றைக் கேளுங்கள். கண்ணையும் காதையும் மருத்துவரிடம் காட்டியபின், வேறொரு உளவியலாரைக் கொண்டு வேறொரு சோதனை நடத்தச் செய்யலாம். அதே சோதனையை உடனே திரும்ப வைத்தால் பழக்கத்தால் எண் உயரும். அதை யாரும் ஏற்கமாட்டார்கள்.

பள்ளியில் சேர்க்கும்போதே தேர்வு வைத்து வடிகட்டுவதைக் கல்வி உரிமைச் சட்டம், 2009 தடைசெய்கிறது. 6 முதல் 14 வயதுவரை அச்சட்டம் தரும் உரிமை மறுக்கப்பட்டால் உள்ளாட்சி அமைப்பிடம் முறையிடலாம். மூன்று மாதத்திற்குள் அது முடிவு கூறவேண்டும். அதன்மேல் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தை அணுகலாம். சிறுபான்மைப் பள்ளிகளை இச்சட்டம் கட்டுப்படுத்தாது என 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது உண்மையே. அத்தீர்ப்பை நம் பள்ளிகள் பெற்றோரின் வாயடைக்கும் கேடயமாக்கலாகாது என்பது அடியேன் கருத்து.

பதில் கிடைக்கும்வரை பிள்ளையை இருந்த வகுப்பிலேயே இருத்தும்படி அம்மனுவிலேயே வேண்டிக்கொள்ளுங்கள். நகலில் பள்ளி முத்திரையும் தேதியும் பெற மறவாதீர்கள்.